உப்பு தாங்கும் புல்

கவரைப்பேட்டை
மார்ச் 10, 2024

ஸ்நேகாவின் அப்பாவுக்கு,

ஸ்நேகா உங்களிடம் வந்து இருக்க விரும்புகிறாளா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. அவளிடமே கேட்டேன். “பாக்கலாம்மா” என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்றும் எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கல்லூரியில் விடைத்தாள் திருத்தியும், சொந்த மகள் சொன்ன ஒரு வார்த்தைக்கு மதிப்பெண் போட வரவில்லை.

போனில் பேசினால் என்ன என்று கோபப்பட்டீர்கள். நாம் பேசினால் எப்படி முடிகிறது என்று உங்களுக்கே தெரியும். இரண்டே அறை. நம் குரல் ஏறியவுடன் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள், கேட்பதற்கு. ஆகவே மெயிலில் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

அக்டோபரில் வெயில் தணிந்ததும் அவளை மஸ்கட்டுக்கு அழைத்துக்கொள்வதாகவும், கால்ஃப் மைதானத்துக்குப் பக்கத்திலேயே நல்ல ஆஸ்பத்திரி இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அறுவை முடிந்து அவள் கண் திறந்த அதே வாரம் திரும்ப விமானம் ஏறியவர் நீங்கள் என்பது மட்டும் மனதில் இருக்கிறது. அதை விடுகிறேன்.

இப்போதைய நிலைமை இது. போன வருடம் ஸ்கூட்டரில் போனவளை லாரி இடித்ததில் உடைந்த இடுப்பும் தொடையும் கூடிவிட்டன. இடது பாதம் மட்டும் முழுதாகத் தூக்க வரவில்லை. வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறாள். வாசற்படி இறங்க மாட்டேன் என்கிறாள். பிசியோதெரபிஸ்ட் அன்பு சொன்னதை அப்படியே தருகிறேன்: “கால்ல பலம் வந்துடுச்சி மேடம். டைல்ஸ்லயே நடந்துக்கினு இருந்தா பாதம் ஒண்ணும் கத்துக்காது. மெத்துனு, கொஞ்சம் ஏறி எறங்கி இருக்கற தரையில வெறுங்கால்ல நடக்கணும். பீச்சுக்கு தெனம் தூக்கிக்கினு போவ முடியுமா? வாசல்ல புல்லு போடுங்க.”

நம் வாசல் உங்களுக்குத் தெரியும். மனையை உயர்த்த நீங்கள் கொட்டிய அனல் மின் நிலையச் சாம்பல், அதன் மேல் ஜல்லி. அங்கே என்ன புல் வரும்? நர்சரி பாக்கியராஜ் கொரியன் புல்லைப் போடச் சொல்கிறார். பார்க்க வெல்வெட். ஆனால் போகப் போகக் குமிழ் குமிழாக எழும்பும், அவள் கால் இடறும். எருமைப்புல் தடித்த தண்டு, பாதத்தைத் தூக்காதவளுக்குக் கண்ணி வைத்த மாதிரி. அருகம்புல்தான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் புல்லின் பூவைப் பூதக்கண்ணாடியில் காட்டுகிறவள். ஒரு சதுர அடி புல் வளர்த்ததில்லை. நீங்கள் ஆறு வருடமாக அந்தக் கால்ஃப் மைதானத்தில் அதைத்தான் செய்கிறீர்கள். அதனால் கேட்கிறேன்.

மோனிகா


மஸ்கட்
மார்ச் 14, 2024

கர்த்தருக்குள் பிரியமான மோனிக்கு,

நீ என்னிடம் ஒரு யோசனை கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! மெயிலை இரண்டு தடவை படித்தேன். பக்கத்து ரூம் மலையாளி இன்னா விசேஷம் என்று கேட்டான், முகத்தைப் பார்த்து.

அருகம்புல் சரி. ஆனால் சாம்பல் மேல் நேராகப் போடாதே. ஜல்லியை வழித்து எடு. அரை அடிக்கு மணல் கொட்டு. மண் வேண்டாம், சுத்த மணல். செம்மண் கொட்டினால் கூடவே கோரைக் கிழங்கு வரும், அப்புறம் ஆயுசுக்கும் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே எல்லாமே மணல் மேல்தான். மேலே கொஞ்சம் மக்கிய சாணம். புல்லை மூன்று கணு இருக்கிற மாதிரி வெட்டி, சாண் இடைவெளியில் கோடு கீறிப் புதைத்து, மேலே உருளை ஓட்டி அழுத்து. வேருக்கும் மணலுக்கும் நடுவில் காற்று இருந்தால் காய்ந்துவிடும்.

மணலைக் கொட்டி வை. நட வேண்டாம். ஏப்ரல் கடைசியில் லீவு போட்டு வருகிறேன். நானே நட்டுத் தருகிறேன். என் பொண்ணு நடக்கப்போகிற புல்லை வேறு யாரும் நடக் கூடாது.

அக்டோபர் விஷயத்தையும் அவளிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இரு. அவளுக்கு என்று ஒரு ரூம் கேட்டிருக்கிறேன்.

உன்
ஸ்டீவன்


கவரைப்பேட்டை
ஜூன் 2, 2024

ஸ்நேகாவின் அப்பாவுக்கு,

ஏப்ரல் கடைசி போய், மே கடைசியும் போய்விட்டது. அங்கே திடீர் மழையில் மைதானம் அரித்துப் போனதென்றும், லீவு ரத்தென்றும் நீங்கள் அனுப்பிய ஒரு வரிச் செய்தி கிடைத்தது. நம்புகிறேன். அதற்கு மேல் காத்திருக்க முடியாமல் மே தொடக்கத்தில் நானே நட்டேன்.

முழுதும் செத்துவிட்டது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஜல்லி எடுத்தாயிற்று. மணல் கொட்டியாயிற்று. பழைய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி உருட்டினேன். ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள், “இன்னாம்மா, ஹைவே போடறியா? டோல்கேட் வச்சிடாத” என்றாள். சிரிக்கிறாளே என்று எனக்கும் சந்தோஷம். ஒரு வாரத்தில் நுனி பழுத்தது. அடுத்த வாரம் தீய்ந்த மாதிரி ஆனது. காலையில் மணலின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்போதுதான் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு போய்க் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தேன். உப்பு.

பாக்கியராஜைக் கூப்பிட்டுக் கேட்டேன். “மேடம், நீங்க மணல்னீங்க, மணல் குட்த்தேன். ஆத்து மணல் இப்போ எங்க கெடைக்குது? இது பழவேற்காட்டுப் பக்கத்து மணல். ஊடு கட்டறதுக்குன்னா நானே வாணாம்னு சொல்லியிருப்பேன். புல்லுக்குத்தானேன்னு உட்டேன்” என்றார்.

நீங்கள் மணல் என்றீர்கள். எந்த மணல் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் வருட மாணவிகளிடம் எதையும் சோதிக்காமல் நம்பாதீர்கள் என்று சொல்கிறவள், உங்கள் வார்த்தையைச் சோதிக்காமல் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று யோசித்தேன். பதிலை எழுத விருப்பம் இல்லை.

ஸ்நேகா காய்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அதுக்கும் கால் வெளங்கலியா?” என்றாள். அன்று முழுக்க வாக்கரைத் தொடவில்லை.

மோனிகா


மஸ்கட்
ஜூன் 5, 2024

மோனி,

மணல் கொட்டும்போது ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டாயா? எங்க அம்மா ஞானம்மா கூலிக்கு நடவு போனவள், அவளுக்குக்கூடத் தெரியும். நீ எம்.எஸ்சி. பாட்டனி. லாரி வரும்போது பக்கத்தில் நிற்காமல் காலேஜுக்குப் போயிருப்பாய்.

எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை. ஆனால் கோபம் உன் மேல் இல்லை. அவள் சொன்ன அந்த வார்த்தையை நீ எழுதியிருக்க வேண்டாம். டியூட்டியில் நிற்க முடியவில்லை.

செய்ய வேண்டியது: மணலை எடுக்காதே. வாசல் ஓரம் வாய்க்கால் வெட்டி, நல்ல தண்ணீர் லாரியை வரவழைத்து நிரப்பி நிரப்பி வடியவிடு. ஆடி மழையும் விழுந்தால் உப்பு கீழே இறங்கிவிடும். ஆனால் அப்புறம் பாய்ச்ச நம் போர்த் தண்ணீர்தானே? அதில் பருப்பே வேகாது. அருகம்புல் அதைத் தாங்கினாலும் வெளுத்துப்போகும்.

இங்கே இப்போது போடுகிற புல் வேறு. பாஸ்பாலம். கடலோரப் புல். உப்புத் தண்ணீரிலேயே பச்சையாக நிற்கும், மெத்தை மாதிரி. ஆகஸ்டில் வருகிறேன். வரும்போது ஈரத் துணியில் சுற்றிப் பெட்டியில் நாலு கட்டு கொண்டுவருகிறேன். இந்தத் தடவை சத்தியமாக.

ஸ்டீவன்


கவரைப்பேட்டை
ஜூலை 21, 2024

ஸ்நேகாவின் அப்பாவுக்கு,

பெட்டியில் புல் கொண்டுவர வேண்டாம். அனுமதி இல்லாமல் உயிருள்ள செடியை விமானத்தில் கொண்டுவரக் கூடாது. பிடிபட்டால் உங்கள் வேலைக்கும் சிக்கல். தேவையும் இல்லை.

நீங்கள் பிறகு அனுப்பிய பாஸ்பாலம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதிர் இரண்டாகப் பிரிந்து விரல் காட்டுகிற மாதிரி நிற்கிறது. கவட்டைக் கதிர். இதை நான் பார்த்திருக்கிறேன். எம்.எஸ்சி. படிக்கும்போது பழவேற்காட்டுக்கு அழைத்துப்போனார்கள். ஏரி ஓரம் மதியச் சாப்பாட்டைப் பிரித்து இதன் மேல்தான் உட்கார்ந்தோம்.

என் மாணவி ரோஜாவின் வீடு அந்தப் பக்கத்து மீனவக் குப்பம். அவள் அம்மா தாயாரம்மாள் என்னை ஒரு கைவிடப்பட்ட இறால் குட்டைக்கு அழைத்துப் போனார். கரை முழுக்க அதுதான். நான் மண்டியிட்டுக் கதிரை எண்ணிக்கொண்டிருந்தபோது மேலே நின்று சிரித்தார்.

“இந்தப் புல்லா டீச்சர்? இத்த ஆடுகூட மொறச்சிப் பாக்கும். இதுக்கா கார் எட்த்துக்கினு வந்தீங்க?”

“வெளிநாட்டுல இதை விலை குடுத்து வாங்கறாங்கம்மா.”

“யாரு, மாடா?”

“பணக்காரங்க. பந்து அடிச்சு விளையாட.”

“அப்போ எங்க ஊட்டுக்காரர் தெனம் வெளிநாட்டு மேலதான் வலைய காயப் போட்டுக்கினு கீறாரு. சொல்றேன் இரு, கூலி கேப்பாரு.” பிறகு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் அவர் பிடுங்க ஆரம்பித்தார். நான்கு சாக்கு.

லாரித் தண்ணீர் வடித்து, ஆடி மழையும் இரண்டு நாள் விழுந்த பிறகு மணலைத் திரும்பச் சோதித்தேன். உப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மூன்று கணுவாக வெட்டிப் புதைத்தோம். “தோம்” என்று எழுதுவதைக் கவனியுங்கள். ஸ்நேகா நாற்காலியில் உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தாள். ஒரு கணு கூடினாலும் குறைந்தாலும் என்னைத் திட்டினாள். நாற்காலி இருந்தது வாசற்படிக்குக் கீழே. படியை எப்படி இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. உள்ளே கத்தி எடுக்கப் போயிருந்தேன்.

மோனிகா


மஸ்கட்
ஜூலை 28, 2024

பிரியமான மோனிக்கு,

படி இறங்கினாளா! நீ அதை மெயிலின் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறாய். முதல் வரியில் எழுதக் கூடாதா?

இங்கே நான் நாலு வருஷமாக லோடு லோடாக இறக்கிப் பார்த்த புல் நம்ம ஊர் இறால் குட்டையில் இருக்கிறது என்றால் என்ன சொல்வது? எங்க சூப்பர்வைசரிடம் சொன்னேன், நம்பவில்லை.

பதினைந்து நாள் வேர் காயக் கூடாது. ஒரே நேரம் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளி. கோரை தலை காட்டினால் அப்போதே எடு. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார், வராமல் உன் கையை இழுத்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை யாரும் மிதிக்கக் கூடாது. விரல் உயரம் வந்ததும் நுனி மட்டும் வெட்டு. வெட்ட வெட்டத்தான் பக்கத்தில் படரும்.

ஆகஸ்ட் லீவு கிடைக்கவில்லை. அதையும் சேர்த்து அக்டோபரில் ஒரு மாதமாக எடுத்துக்கொள்கிறேன். வந்து அவளைக் கையோடு அழைத்துப் போகிறேன்.

ஸ்டீவன்


கவரைப்பேட்டை
செப்டம்பர் 9, 2024

ஸ்நேகாவின் அப்பாவுக்கு,

புல் மூடிவிட்டது. சுவர் ஓரம் மட்டும் இரண்டு திட்டு சொட்டையாக இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்தி அன்று காலையில் கேட்டைத் திறந்துகொண்டு நாலு பேர், “டீச்சரம்மா, கொஞ்சம் அருகம்புல்லு” என்று வந்தார்கள். இது அருகம்புல் இல்லை என்று விளக்கினேன். “பச்சையா கீதே” என்று பறித்துக்கொண்டு போனார் ஒருவர். பிள்ளையார் கண்டுபிடித்தாரா தெரியவில்லை.

ஸ்நேகா தினமும் நடக்கிறாள். முதலில் வாக்கரோடு. இப்போது ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. என் கை முழுக்கக் கன்றியிருக்கிறது. விடச் சொன்னால் விட மாட்டாள். நான் விட்டாலும் விட மாட்டாள். உண்மையில் நான் விட்டுப் பார்த்ததில்லை. அன்புவுக்கு அதில் கோபம். “மேடம், நீங்க புல்லு மேல நடக்கறீங்க. அவுங்க உங்க மேல நடக்கறாங்க” என்கிறார்.

நீங்கள் மார்ச்சில் கேட்டதை நேற்று மறுபடியும் அவளிடம் கேட்டேன். இந்த முறை பதில் சொன்னாள். எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதை மாற்றாமல் எழுதுவதுதான் நியாயம்.

“அப்பா வந்து கூட்டிக்கினு போவட்டும். போறேன்.”

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். எந்தத் தேதி என்று எழுதுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

மோனிகா


மஸ்கட்
அக்டோபர் 11, 2024

கர்த்தருக்குள் பிரியமான மோனிக்கு,

விசா வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்துப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

அவளுக்குக் கட்டில் வாங்கிவிட்டேன். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாயிற்று. ஜன்னலைத் திறந்தால் மைதானத்தின் பதினெட்டாவது குழி தெரியும், அதற்குப் பின்னால் கொஞ்சம் கடல். எங்கள் கிச்சனில் வேலை செய்யும் பையன்கள்கூட எப்போது வருகிறாள் என்று கேட்கிறார்கள். ஆறு வருஷமாக இங்கே ஒருத்தரும் என்னை எதற்கும் எதிர்பார்த்ததில்லை மோனி. இப்போது நானே ஒருத்தரை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அது எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு விஷயம். நவம்பரில் இங்கே பெரிய போட்டி. அதுவரை கிரவுண்டைவிட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வழி இருக்கிறது. என் கூட வேலை செய்கிறவனின் மனைவி சோனியா, பொன்னேரிக்காரி. இந்த மாதம் இருபதாம் தேதி சென்னையிலிருந்து வருகிறாள். தங்கமான பெண். அதே விமானத்தில் ஸ்நேகாவுக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். ஏறும்போதும் இறங்கும்போதும் வீல்சேர் சொல்லியாயிற்று. நீ ஏர்போர்ட் வாசல் வரை கொண்டுவந்து விட்டால் போதும். இந்தப் பக்கம் வாசலில் நான் நிற்பேன்.

கோபப்படாதே. அவளிடம் நல்லவிதமாகச் சொல்.

உன்
ஸ்டீவன்


கவரைப்பேட்டை
அக்டோபர் 14, 2024

ஸ்டீவன்,

நல்லவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்கள் மெயிலை அவளுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கட்டில், கம்பி, ஜன்னல், கடல், எல்லாவற்றையும். எதையும் விடவில்லை, குரலையும் ஏற்றி இறக்கவில்லை. சோனியா வரும் இடம் வந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் படித்தேன்.

முடித்ததும், “வீல்சேரா?” என்றாள். ஆமாம் என்றேன். “ம்” என்றாள். பிறகு டிவியைப் போட்டாள். சத்தம் அதிகமாக வைத்தாள்.

உங்கள் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. ஆனால் கூடவே, “நல்லது, இனி போக மாட்டாள்” என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிதான் என்னை உறுத்துகிறது. நான் இங்கே புல் வளர்த்தது அவள் நடப்பதற்கா, போகாமல் இருப்பதற்கா? நீங்கள் அங்கே கட்டில் வாங்கியது அவளுக்கா, உங்களுக்கா? நாம் இரண்டு பேரும் அவளுக்காக இடம் தயார் செய்திருக்கிறோம். அவளைக் கேட்டுக்கொண்டா செய்தோம்?

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இந்த மெயிலை இப்போது அனுப்பினால் நாளை நீங்கள் போன் செய்வீர்கள். அனுப்பாமல் வைக்கிறேன். காலையில் அவள் என்ன சொல்கிறாளோ அதையும் சேர்த்து எழுதுகிறேன். என் கருத்தைச் சேர்க்க மாட்டேன்.


அக்டோபர் 15, மாலை

நடந்ததை எழுதுகிறேன்.

மழையால் கல்லூரி விடுமுறை. காலையில் நான் நாஷ்டாவுக்குக் கோதுமை உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன். கேட் பக்கம் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தால் அவள் புல்லின் நடுவில் நிற்கிறாள். மழை தூறிக்கொண்டிருந்தது. வாக்கர் படி மேல் இருந்தது. கையில் ஒன்றும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை.

இரண்டு அடி வைத்தாள். மூன்றாவதில் இடது கால் இழுத்துக்கொண்டு விழுந்தாள். குப்புற.

நான் கரண்டியோடு ஓடினேன். படிகூட இறங்கவில்லை, அதற்குள் அவள் கத்தினாள். “வராத! சொல்றேன் இல்ல, வராத!”

நின்றேன். அவள் எழவில்லை. கன்னத்தைப் புல்லில் வைத்துப் படுத்தே கிடந்தாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அடுப்பில் உப்புமா அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. நான் அசையவில்லை. அசையாமல் நிற்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது.

பிறகு ஒரு கையை ஊன்றினாள். முட்டி போட்டாள். வழுக்கிவிட்டது. மறுபடியும் ஊன்றினாள். வலது காலை முன்னால் கொண்டுவந்து, தொடையில் கை வைத்து, கிழவி மாதிரி எழுந்தாள். முகமெல்லாம் ஈரம், மூக்கில் மணல். கேட் வரைக்கும் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அழுதிருந்தாளா, சிரித்திருந்தாளா, என்னால் சொல்ல முடியவில்லை.

“உழுந்தா ஒண்ணும் ஆவலம்மா” என்றாள்.

அங்கிருந்தே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “அப்பாவுக்கு எழுது. ஆள் கையில குட்த்து அனுப்பறதுக்கு நான் இன்னா பார்சலா? வரமாட்டேன்னு எழுதாத. வருவேன். எனக்கா எப்ப தோணுதோ அப்ப நானே டிக்கெட் போட்டுக்கினு வருவேன், அந்தக் கடல பாக்கணும். வீல்சேர் வாணாம்னு சொல்லு. அப்புறம் நீ. நான் வெளிய வந்தா ஜன்னல்லயே நின்னுக்கினு இருக்காத. பேஜாரா கீது.”

டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். நம் இருவருக்கும் அவள் சொன்ன பதில் இதுதான்.

உப்புமா தீய்ந்துவிட்டது. அடியை விட்டுவிட்டு மேலாக எடுத்துச் சாப்பிட்டாள். மதியம் நான் வாக்கரைத் துடைத்து, இனி வேண்டாம் என்று பரண் மேல் ஏற்றினேன். பார்த்துக்கொண்டிருந்தவள், “யார் சொன்னா? கடைக்குப் போவணும்னா வேணும். எறக்கு” என்றாள்.

இறக்கிக் கொடுத்தேன்.

மோனிகா